பழைய தெருவில் புது அபார்ட்மெண்ட்: முதல் பத்தடி உயரம்தான் முக்கியம்

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. மேற்குப் பார்த்த மனை. 32 அடி அகலம், 120 அடி நீளம். தெருவின் அகலம் 23 அடி. அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. முன்கட்டு உத்திரங்களைக் கரையான் தின்றுவிட்டது, பின்கட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். ரிப்பேருக்குச் செலவழிப்பது வீண் என்று இரண்டு இன்ஜினியர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு பில்டர் கூட்டு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார், நிலம் எங்களுடையது, கட்டுவது அவர், வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டாக எட்டு வீடு, மொத்தம் 7,600 சதுர அடி. முகப்புக்குச் செட்டிநாடு ஸ்டைலில் எலிவேஷன் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். தம்பிகள் இருவருக்கும் சம்மதம். எனக்கும் வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிர் வீட்டுப் பாட்டி, "உங்க வீடு போயிட்டா தெருவே போயிடும் கண்ணு" என்கிறார். வடக்குப் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர்தான், அவர்களுக்குப் பயமாக இருக்கிறது. இது தொடர் கட்டடப் பகுதி, பக்கவாட்டில் இடம் விட வேண்டாம், முன்னால் 5 அடி விட்டால் போதும் என்கிறார் சர்வேயர். தூணும் ஓடும் வைத்துவிட்டால் தெருவோடு பொருந்திவிடுமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா? வெளிச்சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களையும் பில்டரின் வரைபடத்தையும் நிதானமாகப் பார்த்தேன். இரண்டு இன்ஜினியர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், உத்திரங்களின் நிலையும் படத்திலேயே தெரிகிறது. ஆகவே இடிக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. அந்த இடத்தில் ஆறு வீடு தாராளமாகக் கட்டலாம், தெருவும் கெடாது. ஆனால் தூணும் ஓடும் ஒட்டவைத்தால் அது நடக்காது. பில்டரின் படத்தில் இருப்பது நாலு மாடி உயரத்துக்கு எழும்பும் ஃபைபர் தூண்கள், வளைவு வைத்த கண்ணாடி, உச்சியில் ஒரு சிமெண்ட் கோபுரம். உங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் அழகு செட்டிநாட்டுக்கு. உங்கள் தெருவுக்கு என்று ஒரு முகம் இருக்கிறது, அதைப் பார்த்து வரைய வேண்டும்.

அந்த முகம் என்ன என்று உங்கள் படங்களை வைத்தே சொல்கிறேன். முப்பது வீடுகள் வரிசையாக, இடைவெளி இல்லாமல், தோளோடு தோள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 16 அடியிலிருந்து 20 அடி அகலம். முட்டி உயரத்துக்குத் திண்ணை, அதில் ஐந்து ஆறு அடிக்கு ஒரு மரத்தூண், மேலே சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம். மாடி உள்ள வீடுகள் அதற்கு மேல் கைப்பிடிச் சுவரோடு முடிந்துவிடுகின்றன. ஜன்னல்கள் எல்லாம் உயரம் கூடியவை, அகலம் குறைந்தவை. சுவர் அதிகம், திறப்பு குறைவு. உங்கள் ஐந்தாவது படத்தில் எதிர் வீட்டுத் திண்ணையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து கொலுசுச் சங்கிலி கோர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தலை நிமிர்ந்து தெருவில் போகிற யாரிடமோ பேசுகிறார். நான் அதிக நேரம் பார்த்தது அந்தப் படத்தைத்தான். திண்ணையில் இருப்பவரும் தெருவில் போகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த உயரம், தரையிலிருந்து முதல் பத்தடி, அதுதான் உங்கள் தெரு. அதற்கு மேலே இருப்பது எல்லாம் இரண்டாம் பட்சம்.

பில்டரின் வரைபடம் அடிபடுவது அங்கேதான். ஸ்டில்ட் என்றால் தரைமட்டத்தில் ஆள் கிடையாது. 32 அடி அகலத்துக்கு இருட்டான கார் நிறுத்துமிடம், ஒரு மின்மீட்டர் வரிசை, ஒரு இரும்பு கேட். ஆடியில் மாரியம்மன் பண்டிகையின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கை நாளில் ஊர் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வாசலில் மட்டும் நாலு காரின் பின்பக்கம் தெரியும். இரவில் அந்த இடத்தைப் பார்க்க எந்த ஜன்னலும் இல்லை. மேலே நாலு மாடியை எவ்வளவு அலங்காரமாகக் கட்டினாலும் இந்தக் குறையை மூட முடியாது. எதிர் வீட்டுப் பாட்டி சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் மனையின் நீளம் 120 அடி. அது பெரிய வரம். பழைய வீட்டை முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்று தாத்தா பிரித்ததைப் போலவே புதுக் கட்டடத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். முன்னால் 5 அடி விட்டு, 38 அடி ஆழத்துக்கு முன்கட்டு. அப்புறம் 18 அடி திறந்த முற்றம். அதன் பின் 42 அடி ஆழத்துக்குப் பின்கட்டு. கடைசியில் கிணற்றோடு சேர்த்து 17 அடி திறந்த இடம் மிஞ்சும்.

முன்கட்டின் தரைத்தளத்தில் தெற்கு ஓரமாக 10 அடி அகலத்துக்கு ஒரு வண்டிவாசல் விடுங்கள். கார் அதன் வழியாக முற்றத்தைக் கடந்து பின்கட்டுக்கு அடியில் போய் நிற்கட்டும். அங்கே ஸ்டில்ட் இருப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, தெருவில் இருந்து அது தெரியாது. நாலு கார் நிறுத்தலாம், டூ-வீலர்களுக்குக் கிணற்றடிப் பக்கம் இடம் இருக்கிறது. எத்தனை கார் இடம் காட்ட வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டின் பரப்பைப் பொறுத்தது, அதைப் பிளான் வரைகிறவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். மீதி 22 அடி அகலத்தில் தெருவைப் பார்த்து ஒரு வீடு. அதுதான் உங்களுக்கும் அம்மாவுக்கும். முன்னால் 6 அடி ஆழத்துக்குத் திண்ணை, அது போக 700 சதுர அடி உள்ளே. இரண்டு பேருக்குப் போதும். தெருப்பக்கமும் முற்றத்துப் பக்கமும் ஜன்னல் இருப்பதால் காற்று குறுக்கே ஓடும்.

திண்ணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் விடும் 5 அடி திறந்த வெளியாக இருக்க வேண்டும், அதில் கூரை போட்ட திண்ணை வைத்தால் அனுமதியில் சிக்கல் வரும். அதனால் திண்ணையைக் கட்டடத்துக்குள்ளேயே குடைந்து வையுங்கள், மேலே முதல் மாடி அதற்கு நிழல் தரும். பக்கத்து வீடுகள் தெருவிளிம்பு வரை வந்து நிற்கின்றன, உங்களுடையது 5 அடி உள்வாங்கிவிடும். அந்தப் பல்லிடுக்கு தெரியாமல் இருக்கத் தெருவிளிம்பில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு தடித்த சுவர் எழுப்புங்கள், மேலே கருங்கல் பலகை பதித்தால் யாரும் உட்காரலாம். 7 அடி கம்பவுண்ட் சுவரும் ஷீட் கேட்டும் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக்கு கிரில் வேண்டும் என்றால் திண்ணைக்கு உள்புறம், வீட்டுச் சுவரில் வையுங்கள்.

திண்ணையின் உயரம் இரண்டு அடி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏற, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் தேவை. இரண்டு அடிக்கு 24 அடி. அதை முகப்பில் போட்டால் வாசலே போய்விடும். முற்றத்துப் பக்கம் மடித்துப் போட்டால் இடம் கிடைக்கும், கார் நேராக அம்மா வீட்டுப் பின்வாசல் வரை வரும். இதை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு சாய்தளத்துக்கு இடம் தேடுவது பெரும்பாடு.

முன்கட்டின் முதல் மாடியில் முழு அகலத்துக்கு, 1,216 சதுர அடியில் ஒரு வீடு. அதற்கு மேல் இரண்டாம் மாடியை முகப்பிலிருந்து 15 அடி பின்தள்ளிக் கட்டுங்கள், 736 சதுர அடியில் ஒரு சின்ன வீடு. அதன் முன்னால் 15 அடி மொட்டை மாடி. வடக்கே சேர்வராயன் மலை தெரியும், வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஏன் 15 அடி என்று கேட்பீர்கள். ஒருவர் உங்கள் எதிர்ச் சாரியில் சுவரோரம் நின்று பார்க்கிறார். அவர் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது. தெரு 23 அடி, நீங்கள் விட்ட இடம் 5 அடி, ஆக 28 அடி தூரத்தில் உங்கள் முகப்பு. திண்ணை உயரம் 2 அடி, தளங்கள் இரண்டு 20 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி, மொத்தம் 25 அடி. பக்கத்து வீடு 24 அடி உயரம் என்று அளந்திருக்கிறீர்கள், ஆகவே வரிசை ஒன்றாக ஓடும். அவர் கண்ணிலிருந்து உங்கள் கைப்பிடிச் சுவரின் விளிம்பு வழியாக ஒரு கோடு இழுத்தால், 28 அடி தூரத்துக்கு 20 அடி ஏறுகிறது. அதே கோடு இன்னும் 15 அடி பின்னால் போகும்போது கிட்டத்தட்ட 35 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். இரண்டாம் மாடியின் உச்சி 35 அடி. கோட்டுக்குக் கீழே அடங்கிவிடுகிறது. 10 அடி மட்டும் தள்ளியிருந்தால் இரண்டு அடிக்கு மேல் எட்டிப் பார்க்கும். பின்கட்டு இன்னும் வசதி. அது எதிர்ச் சுவரிலிருந்து 84 அடி தள்ளி இருக்கிறது, அங்கே அந்தக் கோடு 65 அடிக்குப் போய்விடும். ஸ்டில்ட் 9 அடி, மேலே மூன்று மாடி 30 அடி, கைப்பிடிச் சுவரோடு 42 அடி. தெருவில் எதிரே நிற்கிறவருக்குப் பின்கட்டு இருப்பதே தெரியாது.

தெருமுனையிலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் தெரியும், அதை மறைக்க முடியாது. ஆனால் பக்கச் சுவரை ஒழுங்காக முடிக்கலாம். நம் ஊரில் முகப்புக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பக்கச் சுவரைப் பூசாமல் சிமெண்ட் கல் தெரிய விட்டுவிடுகிறோம். பக்கத்து வீடு தாழ்வாக இருக்கும் வரை, அது ஐம்பது வருஷமானாலும், தெரு முழுக்கப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அதையும் பூசி, முகப்பின் நிறமே அடிக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பின்கட்டில் மாடிக்கு ஒரு வீடாக மூன்று. ஒவ்வொன்றும் 1,344 சதுர அடி, படிக்கட்டும் லிஃப்டும் போக 1,200 கையில் நிற்கும். லிஃப்டை முற்றத்தோரம் வைத்து, அங்கிருந்து நாலடி அகலத்தில் ஒரு நடைபாலம் போட்டால் முன்கட்டு மாடிகளுக்கும் அதுவே போதும். பின்கட்டின் தளமட்டம் 3 அடி கீழே இருப்பதால் ஆறு படி ஏற வேண்டியிருக்கும். அது ஒரு குறைதான், தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறு வீட்டுக்கும் சேர்த்து 6,820 சதுர அடி. பில்டரின் 7,600-ஐ விட 780 குறைவு, அதாவது பத்தில் ஒரு பங்கு. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு பொதுவாகக் கிடைக்கும், உங்களுக்கு அது 7,680. பில்டர் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருக்கிறார். அவர் தொழில் அது, தப்பில்லை. ஆனால் அவருடைய எட்டும் சராசரியாக 950 சதுர அடி, அதிலும் படிக்கட்டு, லிஃப்ட் பங்கு போகும். நடுவில் முற்றம் இல்லாததால் நான்கு அறைகளுக்கு ஜன்னல் ஒரு டக்டுக்குள், அதாவது குழாய்கள் போகும் குறுகலான இடைவெளிக்குள் திறக்கிறது. சித்திரையில் 40 டிகிரி அடிக்கும் ஊரில் அந்த அறையில் யார் படுப்பார்கள்? உங்களுக்கும் தம்பிகளுக்குமாக மூன்று வீடு போனால் மீதி மூன்று பெரிய, வெளிச்சமான வீடுகள். தம்பிகளிடம் இந்த இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சர்வேயர் வாய்வார்த்தையாகச் சொன்ன "தொடர் கட்டடப் பகுதி" என்பதை மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த 23 அடித் தெருவுக்கு எவ்வளவு உயரம், எத்தனை வீடு அனுமதி என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். நான் சொன்ன திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. பக்கவாட்டில் இடம் விடச் சொன்னால் அகலம் சுருங்கும். அப்போதும் முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்ற பிரிவு மாறாது, வண்டிவாசல் மட்டும் பக்க இடைவெளிக்கு நகரும்.

முகப்பு மேற்குப் பார்த்தது என்பதால் வெயிலை மறக்கக்கூடாது. மாலை நாலரை மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து நேராக அறைக்குள் வரும். இரண்டடி சன்ஷேடு போட்டாலும் 30 டிகிரி உயரத்தில் சூரியன் இருக்கும்போது சுவரில் ஒரு அடிச் சொச்சம்தான் நிழல் விழும். பில்டரின் படத்தில் உள்ள பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ஹால். அந்த ஹாலுக்கு ஏசி மாட்டி வாழ்நாள் முழுக்கக் கரண்ட் பில் கட்ட வேண்டும். தாத்தா காலத்தில் தாழ்வாரத்தை ஆழமாக இறக்கியது இதற்குத்தான். முதல் மாடியிலும் முன்னால் 5 அடிக்கு ஒரு தாழ்வாரம் விட்டு, அதன் முகத்தில் மடக்கு மரப்பலகைக் கதவுகள் வையுங்கள், மரம் விலை கூடுதல் என்றால் அலுமினியப் பலகை. மாலையில் சாத்தினால் வெயில் தடுபடும், காற்று வரும். ஜன்னல்கள் மூன்றடி அகலம், நாலரை அடி உயரம் என்ற அளவில் இருக்கட்டும். தெருவின் வரிசையோடு ஒத்துப்போவது அந்த அளவால்தான்.

இன்னொன்று. உங்கள் மனை இரண்டு வீட்டு அகலம். 32 அடியையும் ஒரே பலகையாகக் காட்டினால் பக்கத்து வீடுகள் ஒடுங்கித் தெரியும். வண்டிவாசலுக்கு மேலே உள்ள 10 அடிப் பகுதியை ஒரு அடி உள்வாங்கிக் கட்டினாலே போதும், இரண்டு வீடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல் ஆகிவிடும். திண்ணைத் தூண்களுக்கு உங்கள் பழைய தூண்களையே எடுக்கலாம். எட்டுத் தூண்களில் குறைந்தது ஐந்து தேறும் என்று படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. அடிப்பாகம் உளுத்திருந்தால் அறுத்துவிட்டுக் கீழே கருங்கல் பீடம் வைத்து நிறுத்தலாம். பாரம் கான்கிரீட்டில் இருக்கட்டும், தூண் தாழ்வாரத்து ஓடுகளை மட்டும் தாங்கட்டும். நிலை, கதவு, வாசல் கருங்கல் படி, மங்களூர் ஓடு இவற்றையும் எண்ணி ஒரு பட்டியல் போட்டு, இடிப்பதற்கு முன்பே கழற்றி ஒரு ஷெட்டில் வையுங்கள். இடிக்கும் காண்டிராக்டரிடம் "பழைய சாமான் உனக்கு" என்று பேசிவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் எல்லாம் போகும். முகப்பில் ஏசி வெளிப்பெட்டியும் பிவிசி பைப்பும் வராமல், அவற்றை முற்றத்துப் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி பின்கட்டு மேலே.

இனி பொதுச் சுவர். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. அந்தச் சுவரில் அவர்கள் உத்திரமும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பக்கத்துக் கூரையும் குறுக்குச் சுவர்களும் இதுவரை அதற்கு முட்டுக்கொடுத்து வந்தன. அவற்றை எடுத்துவிட்டால் 120 அடி நீளச் சுவர் ஒரு பக்கம் ஆதரவில்லாமல் நிற்கும்.

அதனால் முதல் வேலை, இடிப்பதற்கு முன் இரு வீட்டாரும் சேர்ந்து நின்று, அவர்கள் வீட்டில் இப்போதே உள்ள விரிசல்களைப் படம் எடுத்து, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுவது. பின்னால் சண்டை வராமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. இரண்டாவது, ஜேசிபி வேண்டாம். கூரையிலிருந்து கீழ்நோக்கி, கைவேலையாக, பகுதி பகுதியாக இறக்க வேண்டும். பொதுச் சுவரிலிருந்து 3 அடி வரை உள்ள குறுக்குச் சுவர்களைக் கடைசி வரை விட்டுவைத்து, இரும்பு முட்டு கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். மூன்றாவது, மழை. மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் நனைந்தால் இளகிவிடும். இதுவரை கூரைக்குள் இருந்த முகம் இப்போது வெட்டவெளியில் நிற்கும். சேலத்தில் ஆடி, ஆவணியிலேயே நல்ல மழை தொடங்கி ஐப்பசி வரை விட்டுவிட்டுப் பெய்யும். தை பிறந்த பிறகு இடிக்க ஆரம்பித்து, கோடைக்குள் அஸ்திவாரத்தை முடித்துத் தளம் எழுப்பிவிட்டால் நல்லது. சுவரின் தலையில் சாந்து மூடி போட்டு, வெளிப்பட்ட முகத்தில் ஒரு கை சுண்ணாம்புப் பூச்சும் கொடுத்துவிடுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும், மனம் கோணாமல் வேலை நடக்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போதும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழம் குறைந்த கருங்கல் கட்டு. அதை ஒட்டி 6 அடிக் குழி வெட்டினால் அடிமண் உங்கள் குழிக்குள் சரியும். கான்கிரீட் தூண்களைச் சுவரிலிருந்து 4 அடி உள்ளே தள்ளி வைத்து, மேலே பீமை நீட்டித் தளத்தைச் சுவரோரம் வரை கொண்டுபோகலாம். குழிகளையும் ஒரே நாளில் வரிசையாக வெட்டாமல் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்தது. புதுக் கட்டடம் பழைய சுவரில் எங்கும் பிடிக்கக் கூடாது. இரண்டு அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு வைத்து மழைத் தண்ணீர் இறங்காமல் மூடுங்கள்.

பின்கட்டு ஸ்டில்ட் பற்றி உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். சேலம் நிலநடுக்க மண்டலம் மூன்றில், அதாவது மிதமான அபாயப் பகுதியில் வருகிறது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அபார்ட்மெண்டுகளில் பல, கீழே வெறும் தூண்களும் மேலே கனத்த சுவர்களுமாக நின்றவை. ஸ்டில்ட் தளத்தில் சில இடங்களில் கான்கிரீட் சுவர் கொடுத்து அதன் விறைப்பைக் கூட்டியிருக்கிறாரா, கம்பி கட்டுவதில் நிலநடுக்க விதியைப் பின்பற்றுகிறாரா என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். படிக்கட்டு, லிஃப்ட் சுவர்களோடு பின் ஓரத்திலும் சுவர் கொடுத்தால் கார் இடம் குறையாது. லிஃப்ட் ஓரத்தில் மட்டும் கொடுத்தால் கட்டடம் ஒரு பக்கமாக முறுக்கும், அதையும் கேளுங்கள்.

கிணற்றை மூட வேண்டாம். மழைநீர்ச் சேகரிப்பு எப்படியும் கட்டாயம். மொட்டை மாடித் தண்ணீரை ஒரு மணல், ஜல்லித் தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். புதிதாக உறிஞ்சுகுழி வெட்டும் செலவும் மிச்சம். முற்றத்தில் கார் போகும் தடத்துக்கு மட்டும் கருங்கல் பாவி, மீதியை மண்ணாக விட்டு ஒரு வேம்போ புங்கனோ வைக்கலாம். வேர் பரவ இடம் வேண்டும், சுவரிலிருந்து தள்ளியே வையுங்கள்.

ஒப்பந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் மனை ஏறக்குறைய 357 சதுர மீட்டர், வீடு ஆறு. ஆகவே பதிவோடு வரும் காப்பு உங்களுக்கு இருக்காது, கையில் உள்ள ஒப்பந்தம்தான் காப்பு. முகப்பு வரைபடம், பக்கச் சுவரின் பூச்சு, திண்ணையின் அளவு, ஜன்னல் அளவு, எடுத்து வைத்த மரச்சாமான் பட்டியல், பொதுச் சுவர் வேலைமுறை எல்லாம் இணைப்பாக வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். நிலத்தில் ஒருவருக்கு எவ்வளவு பிரிபடாத பாகம் (யு.டி.எஸ்.) என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். தம்பிகளோடு பேசுவதற்கு இது நல்ல நேரம், கட்டடம் எழும்பிய பிறகு கடினம்.

பில்டர் "இதெல்லாம் ஓடாது" என்று சொன்னால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. அவருக்கு எலிவேஷன் அலங்காரச் செலவு மிச்சம், இரண்டு வீட்டுக்கான சமையலறை, கழிப்பறை, வயரிங் செலவும் மிச்சம். விகிதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இந்த அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ஒத்துவராவிட்டால் முன்கட்டை மட்டும் முதலில் சொந்தமாகக் கட்டி, பின்கட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் தனித்தனிக் கட்டடமாக நிற்பதால் அது முடியும். ஆனால் அனுமதியை இரண்டுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் படங்களில் பழைய சுவர்கள் வெள்ளை, இளமஞ்சள், ஒரு வீடு மட்டும் வெளிறிய நீலம். மேற்கு வெயிலுக்கு வெளிர் நிறமே சரி, சூடும் குறையும். சுண்ணாம்பு வெள்ளையை ஒட்டிய நிறம் சுவருக்கு, மரத்துக்கு எண்ணெய் மட்டும், திண்ணைக்குச் சிவப்பு ஆக்சைடு தரை. பளபளப்பான எக்ஸ்டீரியர் பெயிண்ட் வேண்டாம், மங்கலானதாக வாங்குங்கள். முதலில் முகப்பில் ஒரு கெஜம் அடித்துப் பார்த்து, காலை ஒரு தடவையும் மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவையும் எதிர்ச் சாரியிலிருந்து பார்த்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.